வீட்டைச் சூடாக்க விறகு அடுப்பு: வாங்கப் போகிறவருக்கு

எங்கள் முதல் விறகு அடுப்பின் கண்ணாடிக் கதவு ஒரு கிழமைக்குள் கறுத்துவிட்டது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடிக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. கடைசியில் சட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு குடித்த மாதிரித்தான் இருந்தது. அடுப்பில் ஏதோ பிழை என்று கடைக்கு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன். அப்போது எங்களோடு வந்து நின்ற அம்மா, விறகில் ஒன்றைக் கையில் எடுத்து நிறை பார்ப்பதுபோல் தூக்கினார். இன்னொன்றோடு தட்டிப் பார்த்தார். "பச்சை விறகை வைச்சுக்கொண்டு அடுப்பைக் குறை சொல்லாதை தம்பி" என்றார்.

அம்மா சொன்னது பாதிச் சரி. அந்த விறகு பிளந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. விற்றவர் காய்ந்தது என்று சொன்னதை நம்பி இறக்கியிருந்தேன். மற்றப் பாதி எனக்கு அடுத்த வருடம்தான் விளங்கியது. எங்கள் வீட்டுக்கு அந்த அடுப்பு மிகப் பெரிது. "பெரிதாகவே எடுங்கள், வேண்டாத நேரம் குறைத்து எரிக்கலாம்" என்று கடையில் சொன்னார்கள். வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற கணக்கு இது. அடுப்புக்குச் சரிவராது.

நாங்கள் இருப்பது கனடாவில், கிழக்கு ஒன்ராறியோவில், ஒட்டாவாவுக்கும் கிங்ஸ்ரனுக்கும் இடையில் ஒரு சிற்றூர். ரொறன்ரோ பக்கமிருந்து இப்படி வெளியே வந்து வீடு வாங்குகிறவர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பது, "எந்த அடுப்பு நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு வருமுன் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகள் இருக்கின்றன.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

எரிவாயு ஃபர்னஸ் இருக்கும்போது விறகு எதற்கு என்று நானும் நினைத்தேன். மின்சாரம் நின்றால் அந்த ஃபர்னஸும் நின்றுவிடும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வாயு வந்துகொண்டிருந்தாலும், சூட்டை வீடு முழுக்கத் தள்ளுகிற விசிறிக்குக் கரன்ற் வேண்டும். 1998 ஜனவரியில் உறைமழை பெய்து கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் மின்கம்பங்கள் முறிந்து விழுந்தபோது இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. கியூபெக்கில் சில இடங்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆனது. 2013 டிசம்பரில், நத்தாருக்கு முன், ரொறன்ரோவிலும் அதேபோல் ஒன்று நடந்தது. ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாளில் பார்பெகியூ அடுப்பையோ கரிச்சட்டியையோ வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். ஒழுங்காகப் பொருத்திய விறகு அடுப்பு இருந்தால் ஒரு கிழமை என்றாலும் சமாளிக்கலாம். மேலே கேத்தலும் வைக்கலாம்.

இதே காரணத்துக்காகத்தான் பெல்லற் அடுப்பை நான் சொல்வதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பு அது. சுத்தமாக எரியும், வேலையும் குறைவு. ஆனால் குச்சியைத் தள்ளவும் காற்றை ஊதவும் மின்சாரம் கேட்கும்.

நகரத்துக்குள், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. எவ்வளவு நல்ல அடுப்பானாலும் கொஞ்சம் நுண்துகள் வெளியே போகும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் போகும். மொன்றியல் நகரம் 2018 ஒக்ரோபர் 1 முதல், மணித்தியாலத்துக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகு அடுப்புகளைப் பாவிக்கத் தடை போட்டிருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் நகரசபையில் என்ன விதி என்று முதலில் கேளுங்கள்.

விறகு எரிவது எப்படி

ஊரில் மூன்று கல் அடுப்பில் பன்னாடையும் பாளையும் வைத்து மூட்டியவர்களுக்கு இது கை அறிந்த விஷயம்தான். கண் எரிய ஊதுகுழலால் ஊதியது எதற்காக என்று மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

விறகுக்கட்டை நேரடியாக எரிவதில்லை. முதலில் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அப்புறம் சூடு ஏற ஏற மரம் சிதைந்து வாயுவாக வெளியே வரும். நாம் புகை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அந்த வாயுவில் தீப்பிடிப்பதே நாம் காணும் சுவாலை. வாயு எல்லாம் போனபின் மிஞ்சுவது தணல். விறகில் உள்ள சக்தியில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது.

சந்தேகமாக இருந்தால் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகையில் எரியும் நெருப்புக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாகத் தாவித் திரியில் பற்றிக்கொள்ளும். புகை எரிபொருள். கூரைக்கு மேலே அது போவதைப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய விறகு எரியாமலே போகிறது என்று அர்த்தம்.

வாயு தானாகத் தீப்பிடிக்க 600 பாகை செல்சியஸுக்குக் கிட்டச் சூடு வேண்டும், போதிய காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் புகையாகவே போய்விடும். போகிற வழியில் புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் ஒட்டித் தார்போல் படியும். கிரியோசோட் என்பது அதுதான். அது திரண்டு ஒருநாள் தானே தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்குமாம். நான் கேட்டதில்லை, கேட்கவும் விருப்பமில்லை.

பழைய வீடுகளில் இருக்கும் திறந்த கணப்பு பார்க்க அழகு. அவ்வளவுதான். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் வந்தாலே பெரிய விஷயம். மிச்சத்தோடு சேர்த்து வீட்டுக்குள் இருந்த சூடான காற்றையும் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போகும். இன்றைய மூடிய அடுப்பு 70 வீதத்துக்கும் மேலான சூட்டைத் தரும். வித்தியாசம் என்னவென்றால், அது புகையையும் எரிக்கிறது.

புகையை எரிக்க இரண்டு வழி. ஒன்று, அடுப்பின் மேற்பகுதியில் துளையிட்ட குழாய்கள். கீழே நெருப்புச் செங்கல், மேலே தடுப்புப் பலகை என்று சூட்டை உள்ளேயே அடைத்து, அந்தக் குழாய்களால் சூடான காற்றைப் புகைக்குள் விடுவார்கள். நன்றாக எரியும்போது குழாய்த் துளைகளிலிருந்து நெருப்பு வருவதுபோல் தெரியும், வாயு அடுப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி. மற்றது வினையூக்கி. தேன்கூடு போன்ற ஒரு சிறு வில்லை, அதன்மேல் உலோகப் பூச்சு. கார்ச் சைலன்சரோடு இருப்பதன் உறவுக்காரன். இதைத் தாண்டும் புகை, குழாய் அடுப்புக்கு வேண்டிய சூட்டில் பாதியிலேயே எரிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். அளவு பற்றிப் பேசும்போது வேண்டும்.

எவ்வளவு பெரிய அடுப்பு

விளம்பரத் தாளில் "2,000 சதுர அடி வரை", "70,000 பிரியூ" (அடுப்பு ஒரு மணித்தியாலத்தில் விடக்கூடிய சூட்டின் அளவு) என்று போட்டிருப்பார்கள். சதுர அடிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. 1920இல் கட்டிய, ஜன்னல் இடுக்கால் காற்று வரும் 1,200 சதுர அடி வீட்டுக்கும், நேற்றுக் கட்டிய 2,400 சதுர அடி வீட்டுக்கும் ஒரே சூடு தேவைப்படலாம்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு சூடு தேவை என்று உங்கள் வீட்டு பில்லே சொல்லும். போன ஜனவரி பில்லை எடுங்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் ஏறத்தாழ 300 கன மீற்றர் எரிவாயு போயிருந்தது. ஒரு கன மீற்றர் வாயுவில் சுமார் 10 யூனிட் (கிலோவாட்-மணித்தியாலம்) மின்சாரத்தின் சக்தி இருக்கிறது. ஆக 3,000 யூனிட். ஜனவரியில் 744 மணித்தியாலம். வகுத்தால் 4 கிலோவாட். கடும் குளிர் மாதத்தில் எங்கள் வீடு சராசரியாகக் கேட்பது அவ்வளவுதான். உறையவைக்கும் இரவில் இரண்டு மடங்கு கேட்கும் என்று வைத்துக்கொண்டாலும் 8.

70,000 பிரியூ என்றால் 20 கிலோவாட். அதாவது என் முதல் அடுப்பு முழு மூச்சில் எரிந்தால் வீட்டின் சராசரித் தேவையைப்போல் ஐந்து மடங்கு சூடு. என்ன செய்வோம்? அரை மணித்தியாலத்தில் எல்லோரும் பெனியனோடு நிற்போம், ஜன்னலைத் திறப்போம், அப்புறம் அடுப்பின் காற்றுப் பிடியை முழுக்க மூடுவோம். காற்றை மூடினால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் புகை எரியாது. எரியாத புகை கண்ணாடியில் படியும், புகைபோக்கியில் படியும். எங்கள் கண்ணாடி கறுத்த கதை இதுதான். சின்ன அடுப்பை முளாசி எரிய விடுவது, பெரிய அடுப்பைக் கழுத்தை நெரித்து எரிப்பதைவிட எப்போதும் மேல்.

சரி, விறகு எவ்வளவு சூடு தரும்? காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட். அடுப்பின் வினைத்திறன் 75 வீதம் என்றால் அறைக்குள் வருவது 3. இரவு படுக்கப் போகும்போது 10 கிலோ அடுக்கினால் 30 யூனிட். அது எட்டு மணித்தியாலத்தில் எரிந்து முடிந்தால் சராசரி 4 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் விற்கும் 1,500 வாட் மின்சூடாக்கி இரண்டரையை இரவு முழுக்க ஓடவிட்ட மாதிரி. எங்கள் வீட்டுக்கு அது அளவாக வந்து நின்றது.

ஆகவே விளம்பரத் தாளில் பார்க்க வேண்டியது உச்சச் சூட்டை அல்லாமல், விறகு வைக்கும் அறையின் கொள்ளளவை. கன அடியில் போட்டிருப்பார்கள். ஒன்றரைக்குக் கீழ் என்றால் விடியும்வரை தணல் நிற்பது கஷ்டம். காற்றுப் புகாத நடுத்தர வீட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை போதும். பழைய பெரிய பண்ணைவீட்டுக்கு இரண்டரை, மூன்று. அதற்கு மேல் போவதற்கு மிக நல்ல காரணம் வேண்டும்.

வினையூக்கி அடுப்பின் பெருமை இங்கேதான் தெரியும். குறைந்த சூட்டிலும் புகையை எரிப்பதால் அதை மெல்ல, நீண்ட நேரம் எரிக்கலாம். மென்சூடு போதும் என்கிற புதிய வீட்டுக்கு அது பொருத்தம். ஆனால் அந்த வில்லை சாகாவரம் பெற்றதில்லை. சில வருடங்களில் மாற்ற வேண்டும், விலையும் சும்மா இல்லை. வர்ணம் அடித்த பலகை, மினுங்கும் விளம்பரக் கடதாசி என்று கண்டதையும் எரித்தால் இன்னும் கெதியாகப் பழுதாகும். வீட்டில் நாலுபேர் நாலுவிதமாக விறகு போடுவார்கள் என்றால் குழாய் அடுப்பே நிம்மதி. நாங்கள் இரண்டாவது தடவை எடுத்தது குழாய் அடுப்பு, 1.8 கன அடி.

எதனால் செய்தது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். உருக்குத் தகடு கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறும். வார்ப்பிரும்பு பூவேலையோடு அழகாக இருக்கும், கொஞ்சம் மெல்லச் சூடேறும். மாக்கல் பதித்த அடுப்பும் உண்டு. கல்சட்டி செய்யும் அதே மாக்கல்தான். நெருப்பு அணைந்து பல மணித்தியாலம் ஆன பின்னும், கல்சட்டிக் குழம்பு இறக்கிய பின்னும் கொதிப்பதுபோல், அது சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். நிறையும் அதற்கேற்றபடி; தூக்க ஆள் பிடிக்க வேண்டும்.

எங்கே வைப்பது

பெரும்பாலானோர் பேஸ்மென்றில் வைக்கத்தான் யோசிப்பார்கள். சூடு மேலே ஏறும்தானே என்ற நியாயம். நடைமுறையில் பேஸ்மென்றின் வெற்றுக் கொங்கிரீற் சுவர் பாதிச் சூட்டைக் குடித்துவிடும், மேலே சோபாவில் இருப்பவருக்குக் கால் சில்லிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேல்மாடி இடுக்குகளால் வெளியேறப் பார்க்கும். அந்த இழுவையில் பேஸ்மென்றில் காற்றழுத்தம் குறையும். புகைபோக்கி மேலே இழுக்க, வீடு கீழே இழுக்கும். அடுப்பு குளிர்ந்திருக்கும் காலையில் கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும். எங்கே நீங்கள் கூடுதலாக இருக்கிறீர்களோ அங்கே வையுங்கள். எங்களுடையது குசினியை ஒட்டிய இருப்பறையில் இருக்கிறது.

குசினி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சமையலுக்கென்றே பெரிய இழுவிசிறி பூட்டியிருப்போம் அல்லவா, மீன் பொரித்தால் வீடெல்லாம் மணக்காமல் இருக்க? முதல் குளிர்காலத்தில் அம்மா அந்த விசிறியை உச்சத்தில் போட்டுவிட்டு வாளைமீன் பொரித்தார். நான் அடுப்புக் கதவைத் திறந்து விறகு போடப் போனேன். புகை முழுக்க உள்ளே வந்தது, அலாரம் அலறியது. விசிறி வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்க வேண்டும். இழுக்க இலகுவான பெரிய ஓட்டை புகைபோக்கி. இப்போது விசிறி ஓடினால் பக்கத்து ஜன்னலை ஓர் அங்குலம் திறந்துவைக்கிறோம். புதிதாக அடுப்பு வைப்பவர்கள், வெளிக்காற்றை நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் பூட்ட முடியுமா என்று கேட்டுவையுங்கள். கார்பன் மோனொக்சைட் அலாரம் கட்டாயம் வேண்டும். அதில் பேச்சே இல்லை.

புகைபோக்கியைப் பற்றிக் கடையில் யாரும் ஆசையாகப் பேச மாட்டார்கள். ஆனால் அடுப்பின் எஞ்சின் அதுதான். சூடான புகை மேலேறும் இழுவைதான் கீழே காற்றை உள்ளிழுக்கிறது. ஊதுகுழல் செய்த வேலையை இங்கே புகைபோக்கி செய்கிறது. வீட்டுக்கு நடுவே நேராக மேலேறிப் போனால் சூடாகவே இருக்கும், நன்றாக இழுக்கும். வெளிச்சுவரோடு குளிரில் நிற்கும் புகைபோக்கி சோம்பேறி. வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், 10 அடிச் சுற்றுக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும்.

பழைய செங்கல் புகைபோக்கி இருக்கிறது, அதிலேயே பூட்டலாம் என்றால், உள்ளே அடுப்பின் வாய் அளவுக்குத் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்க வேண்டிவரும். அகன்ற பழைய துவாரத்தில் புகை ஆறிப் படியும். புதிதாகப் போடுவதென்றால் உலோகக் குழாய்க்கு யூஎல்சி எஸ்629 என்ற கனடியப் பாதுகாப்புத் தர முத்திரை இருக்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: புகைபோக்கிச் செலவு அடுப்பின் விலையையே எட்டிப்பிடிக்கலாம். அடுப்புக்கு மட்டும் காசு ஒதுக்கிவிட்டு வந்தவர்கள் இங்கேதான் திகைத்து நிற்பார்கள்.

விறகு

அடுப்புக்கு முன் விறகை வாங்குங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். பச்சை மரத்தில், மரத்தைப் பொறுத்து, நிறையில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை தண்ணீர். 10 கிலோ பச்சை விறகை அடுப்பில் வைப்பது, மூன்று முதல் ஐந்து லீட்டர் தண்ணீரை நெருப்பில் வைத்து முழுக்க வற்றும்வரை காய்ச்சுவதற்குச் சமம். அந்த வேலை முடிந்த பிறகுதான் உங்களுக்குச் சூடு.

ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வர வேண்டும். பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக விட்டால் மேப்பிளுக்கு ஒரு முழுக் கோடையாவது வேண்டும். ஓக் இரண்டு வருடம் கேட்கும். ஈரமானி என்ற சின்னக் கருவி ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும். ஒரு கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். கருவி இல்லாவிட்டால் அம்மாவின் முறை. காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் "டங்" என்று ஒலிக்கும். பச்சை "தொப்" என்னும். காய்ந்ததன் வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கழன்று வரும்.

எந்த மரம் நல்லது என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. உண்மையில் நன்றாகக் காய்ந்தபின் ஒரு கிலோ பைனும் ஒரு கிலோ மேப்பிளும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும். மேப்பிள், ஓக், ஆஷ், பீச் எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள். அதே இடத்தில் கூடுதல் கிலோ அடங்கும், நின்று எரியும். பைன், பொப்லர் பஞ்சுபோல். பற்றவைக்கவும், அவ்வளவு குளிரில்லாத நாளுக்கும் நல்லது. பைன் எரித்தால் புகைபோக்கி கெடும் என்று பயமுறுத்துவார்கள். கெடுப்பது ஈரமும் மூச்சடைத்த நெருப்பும்தான். எந்த மரமானாலும் சரி.

இங்கே ஆஷ் விறகு நிறையக் கிடைப்பதற்கு ஒரு சோகமான காரணம் உண்டு. ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிறத் துளைவண்டு ஒன்று 2002இல் மிச்சிகனிலும் ஒன்ராறியோவின் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. அது ஊர்விட்டு ஊர் போனதில் விறகு ஏற்றிய வண்டிகளுக்கும் பங்குண்டு. எங்காவது முகாமுக்குப் போகும்போது வீட்டு விறகைக் கூடவே கொண்டுபோகாதீர்கள்.

வாங்கும்போது அளவில் ஏமாறுவது மிகச் சுலபம். முழுக் கோர்ட் என்றால் 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம். 128 கன அடி. இங்கே அதைப் புஷ் கோர்ட் என்பார்கள். பேஸ் கோர்ட் என்றால் முன்பக்கம் அதே 4க்கு 8, ஆனால் ஆழம் ஒரு கட்டை நீளம்தான். 16 அங்குலக் கட்டை என்றால் மூன்றில் ஒரு பங்கு. வெறுமனே "கோர்ட்" என்று விலை சொல்பவரிடம் எந்தக் கோர்ட் என்று கேளுங்கள். கட்டையின் நீளத்தையும் கேளுங்கள். என் இரண்டாவது அடுப்புக்கு 16 அங்குலம்தான் நுழையும். முதல் அடுப்புக்கு வாங்கிய 20 அங்குல விறகு முழுவதையும் ஒரு சனிக்கிழமை நின்று அரிந்தேன்.

கடதாசி வேலையும் சாம்பலும்

வாங்கும் முன் காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சிலர் விறகு அடுப்பென்றால் தவணைப் பணத்தைக் கூட்டுவார்கள், சிலர் மறுப்பார்கள், அனேகமானோர் வெட் (விறகு அடுப்புகளைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தரும்) சான்றிதழ் உள்ளவர் வந்து பார்த்து எழுதித்தந்த அறிக்கையைக் கேட்பார்கள். நகரசபையில் அனுமதிப் பத்திரமும் எடுக்க வேண்டும். அடுப்பின் பின்பக்கத்தில் ஓர் உலோகத் தகட்டில் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று பொறித்திருக்கும், அது சட்டம். முத்திரை எதுவும் இல்லாத பழைய அடுப்பென்றால், காப்புத் தகடு போடாத சுவரிலிருந்து 48 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும், அறைக்கு நடுவில் வந்துவிடும். யாரோ இலவசமாகத் தருகிறார்கள் என்று பழைய அடுப்பை ஏற்றிவராதீர்கள். கதவுக்கு முன்னால் தரையில் 18 அங்குலமும் மற்றப் பக்கங்களில் 8 அங்குலமும் தீப்பிடிக்காத தளம் வேண்டும். வருடம் ஒருமுறை புகைபோக்கி துடைப்பவரைக் கூப்பிடுங்கள். முதல் வருடம் எங்கள் புகைபோக்கியிலிருந்து ஒரு வாளி நிறைய மினுங்கும் கறுப்புச் செதில் வந்தது. அடுப்பை மாற்றி, விறகையும் காயவிட்டபின், போன வைகாசியில் வந்தது இரண்டு கோப்பை மண்ணிறத் தூள்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே வெறும் நிலத்தில் வைக்க வேண்டும். பலகை டெக்கில் வைக்கக்கூடாது, பிளாஸ்ரிக் பையில் கட்டவே கூடாது. ஆறிவிட்டது என்று நினைத்த சாம்பலுக்குள் தணல் நாலு நாள்கூட உயிரோடு இருக்கும். முழுக்க ஆறிய சாம்பலில் கொஞ்சத்தை அம்மா பால்மாப் பேணியில் எடுத்துவைப்பார். ஊரில் சட்டி தேய்த்த பழக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் பழைய பேப்பரைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, சாம்பலைத் தொட்டு, அடுப்பின் கண்ணாடியைத் தேய்த்தார். அதற்கென்று நான் வாங்கிவைத்திருந்த பன்னிரண்டு டொலர்த் திரவம் திறக்காமலே இன்னும் அலுமாரியில் இருக்கிறது.